சவரியம்மா விற்காத பங்கு

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இருபத்தைந்து வருடம் வேலை செய்த பங்குத் தரகுக் கம்பனியில் புதிதாகச் சேர்ந்தவளாம். பெயர் திவ்யா. இரண்டு காரியமாகக் கூப்பிட்டதாகச் சொன்னாள். முதலாவது, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அதில் பழைய ஆட்களின் அனுபவமும் வர வேண்டுமாம். "சார், ஒரே கம்பனிப் பங்கையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவங்க, எவ்வளவு சொன்னாலும் பாதியை வித்து வேற இடத்துல போட மாட்டேங்கிறாங்க. அது ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. அதைப் பத்தி எழுதித் தாங்க" என்றாள்.

இரண்டாவது, என்னுடைய சொந்தக் கணக்கைப் பற்றியது. அதில் ஒரே ஒரு கம்பனியின் பங்கு, அதுவும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு, நான் ஓய்வு பெற்ற நாள் முதல் அசையாமல் கிடக்கிறதாம். அதை விற்றுவிட்டால் கணக்கை மூடிவிடலாம், படிவம் அனுப்புகிறேன் என்றாள். முதலாவதற்குச் சரி என்றேன். இரண்டாவதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "நீங்களுமா சார்?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், அன்று காலையிலிருந்து நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைவு வந்தது. அப்போது மணி நாலு.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு எழுத்தெல்லாம் வராது. ஆர்டர் சீட்டு எழுதத் தெரியும். அதனால் கோர்வை இல்லாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. பண்டாரவளையில் படிப்பை முடித்துவிட்டு, அங்கேயே ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியபோது தோட்டத் தொழிலாளருக்கும் அந்தக் கம்பனிகளில் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில், குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராக்களில், சாமிப் படங்களுக்குப் பின்னால் பங்குப் பத்திரங்கள் ஏறி உட்கார்ந்தன. அது என்னவென்று சனத்துக்குத் தெரியும் முன்னரே அதை வாங்கிக்கொள்ள ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் கம்பனியும் பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு இரும்புக்கடைக்கு மேலே, கிளை திறந்தது. தமிழும் கணக்கும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி, ஒரு பரீட்சை, ஒரு கழுத்துப்பட்டி. நான் முதலீட்டு ஆலோசகர் ஆகிவிட்டேன்.

நேர்முகத்தில் சொந்த விலாசம் கேட்டார்கள். ஹாலிஎலையில் மாமா வைத்திருந்த சில்லறைக் கடையின் விலாசத்தைச் சொன்னேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன் என்று சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, ஓய்வு பெறும் வரைக்கும் சொல்லவில்லை. அது இந்தக் கதைக்கு வேண்டியது என்பதால் இப்போது சொல்லி வைக்கிறேன்.

எங்கள் காலத்து வேலை முறையையும் சொல்ல வேண்டும். இப்போது வாடிக்கையாளரே கைத்தொலைபேசியைத் தட்டி விற்கிறார், வாங்குகிறார். அப்போது நேரில் வர வேண்டும். என்ன கம்பனி, எத்தனை பங்கு, என்ன விலைக்கு என்று ஆர்டர் சீட்டில் நான் எழுதுவேன். பிறகு இரண்டு தரம் வாசிப்பு நடக்கும். முதல் தரம் நான் வாசிக்க அவர் கேட்பார். இரண்டாம் தரம் அவர் வாயால் சொல்ல, நான் சீட்டில் விரல் வைத்துச் சரி பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் கொழும்புக்குத் தொலைபேசி. இது போக, நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. நாங்கள் கொடுத்த ஆலோசனை என்ன, வாடிக்கையாளர் சொன்ன பதில் என்ன என்று அதில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கு நட்டப்பட்டுவிட்டு "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று வந்து நின்றால் காட்டுவதற்கு அது. அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய ஒரு வரிதான் இன்று வரைக்கும் எனக்கு உறுத்துகிறது.

சின்ன ஊரில் இந்த வேலை ஒரு தனிமையான வேலை. ஊரில் பாதிப் பேரின் பணம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. காலையில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியவர், பின்னேரம் சந்தைக்குள் என்னைக் கண்டால் கீரைக் கட்டைக் குனிந்து பார்ப்பார். இவனோடு பேசினால் நம்மிடம் காசு இருக்கிறதென்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற பயம். கலியாண வீடுகளில் நானும் என் மனைவியும் ஓர் ஓரமாகச் சாப்பிட்டுவிட்டு வருவோம். "உங்களை யாருக்குமே பிடிக்காதா?" என்று அவள் கேலி செய்வாள். வீட்டுக்கு வந்தும் யாரைப் பற்றியும் அவளிடம் சொல்ல முடியாது, ரகசியம். இப்போது சொல்லலாம் என்றால் அவள் இல்லை.

சரி, திவ்யா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பங்கைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் எங்கள் கிளையிலும் இருந்தார்கள். பண்டாரவளையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், வங்கிப் பங்கு ஒன்றை உச்ச விலையில் வாங்கிவிட்டு, வாங்கின விலைக்கு வந்ததும் விற்றுவிடுகிறேன் என்று பதினொரு வருடம் சொன்னார். அவர் வாங்கின விலை அவருக்கும் எனக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. பங்குக்கோ சுத்தமாகத் தெரியாது. அதற்கு ஏன் அந்த விலையைத் தேடி வர வேண்டும் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். இன்னொருவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். தான் வேலை செய்த கம்பனியின் பங்கு மட்டும்தான் வைத்திருப்பார். "எனக்கு அந்தக் கொழுந்தோட வாசம் தெரியும் சார், மத்ததெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்பார். கொழுந்து நன்றாகத்தான் இருந்தது. கம்பனியின் கடன்தான் அவர் மூக்குக்கு எட்டவில்லை. தகப்பன் வைத்துவிட்டுப் போனது என்பதற்காகத் தொடாமல் இருந்தவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

எங்கள் கிளை முகாமையாளர் ஒரு சிங்களப் பெண், நிலந்தி மிஸ். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கொழும்புக்காரர். பதுளைக் குளிருக்கு வருடம் முழுக்கக் கம்பளிச் சட்டையோடு இருப்பார். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நாற்காலிச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டுதான் எந்த முக்கியமான விஷயத்தையும் பேசுவார். வரைபடம் காட்ட மாட்டார், பயமுறுத்த மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். இந்தப் பங்கு உங்களிடம் இல்லை, இதன் பெறுமதிக்குக் காசாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு முழுவதற்கும் இன்றைக்கு இதே பங்கை வாங்குவீர்களா? கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பத்துக்கு ஒன்பது பேர் கொஞ்சம் சிரித்து, முழுவதற்கும் வாங்க மாட்டேன் என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் விற்கலாமே என்றால், அது வேறு இது வேறு என்பார்கள். மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை. தமிழ் வாடிக்கையாளர் என்றால் நான்தான் இடையில் இருந்து மொழிபெயர்ப்பேன்.

இனி சவரியம்மா. லுணுகலைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில், அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். நான் அறிமுகமாகும்போது ஓய்வு பெற்றுவிட்டார். புருஷன் மைக்கேல் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தொழிலாளருக்குப் பங்கு கொடுத்த காலத்தில் லயத்துச் சனம் எல்லாம் வந்த விலைக்கு விற்றபோது, இந்த மனுஷன் மட்டும் தன்னுடைய சேமலாபப் பணத்தைப் போட்டு அக்கம்பக்கத்தாரின் பங்குகளை வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறார். ஏன் என்று பெண்சாதிக்கும் சொன்னதில்லையாம். அவர் இறந்த பிறகு அந்தப் பங்குகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளத்தான் சவரியம்மா முதன்முதலாக எங்கள் படியேறி வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாம் பேசினார்.

பெயர் மாற்ற ஐந்தாறு தடவை அலைய வேண்டியிருந்தது. மரணச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி. விலாசம் எழுதும் இடத்தில், தோட்ட ஆபீஸ் என்று போட்டால் போதும் என்றேன். தோட்டத்துக்கு வருகிற கடிதமெல்லாம் அங்கேதானே போகிறது. சவரியம்மா விடவில்லை. மேல் டிவிசன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். எழுதினேன். கொஞ்ச நாளில் தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கை அவருடைய பெயருக்கே வந்தது. அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்து, உறையின் மேல் இருந்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "காம்பரா நம்பரும் போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். அன்றைக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கடிதம் வந்ததும் வருவார். நான் உறையை வாசிக்க வேண்டும். உள்ளே இருக்கும் அறிக்கையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வருகிறபோதெல்லாம் நானும் என் பாட்டைப் பாடுவேன். எல்லாமே ஒரே கம்பனியில் இருக்கிறது அம்மா, பாதியை விற்று வங்கியில் போடுவோம், அல்லது இரண்டு மூன்று கம்பனியாகப் பிரித்துப் போடுவோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரு இருக்கட்டும் தம்பி" என்பார். அவ்வளவுதான். கட்டின புருஷனின் ஞாபகம், விட மனம் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் வீடு வந்தது. லுணுகலை டவுனுக்குக் கிட்ட, வேறொரு வாத்தியாரின் குடும்பம் பண்டாரவளைக்கு மாறிப் போவதால் தங்கள் வீட்டை விற்கிறார்கள் என்று சவரியம்மாவே வந்து சொன்னார். இரண்டு அறை, குசினி, பின்னால் கொஞ்சம் நிலம். அவருடைய பங்கில் பாதியை விற்றால் அந்த வீடு வந்துவிடும். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். திரும்பி வந்தால் அவளுக்கு ஒரு நிலையான இடம் வேண்டும். இவருக்கும் வேண்டும். லயத்துக் காம்பரா தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். புருஷன் இல்லை, மகள் இல்லை, தானும் ஓய்வு. இன்றைக்கோ நாளைக்கோ வெளியே போகச் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவரோடு போய் வீட்டைப் பார்த்தேன். வாடிக்கையாளரோடு இப்படியெல்லாம் போகக் கூடாது, ஆனாலும் போனேன். குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னல் கொக்கியைப் போட்டு எடுத்துப் பார்த்தார். பின்கதவுக்கும் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில், "இங்க கடுதாசி எப்படி வரும்?" என்று கேட்டார். தபால்காரரே வாசலுக்குக் கொண்டு வந்து தருவார் என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மனுஷிக்கு அந்த வீட்டின் மேல் அவ்வளவு ஆசை இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளே ஆபீசுக்கு வரச் சொன்னேன். நிலந்தி மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தன்னுடைய கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். காசாகக் கையில் இருந்தால் இந்தப் பங்கை வாங்குவீர்களா?

"வாங்க மாட்டேன். வீடுதான் வாங்குவேன்" என்றார் சவரியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

மிஸ்ஸுக்குச் சந்தோஷம். அப்படியானால் பாதியை விற்று வீட்டை வாங்குவோம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சவரியம்மா கையிலிருந்த சொப்பிங் பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சொன்னார்:

"வித்தா வீடு போயிருமே தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவி குழம்பிவிட்டது என்று நினைத்தேன். விற்றால்தானே அம்மா வீடு வரும் என்று விளக்கினேன். இரண்டு தரம் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், சீட்டில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. என்ன சொல்கிறார் என்று மிஸ் கேட்டபோது, இந்தப் பங்குதான் தனக்கு வீடு மாதிரி என்று சொல்கிறார், புருஷனின் ஞாபகம் என்று மொழிபெயர்த்தேன். மிஸ் பெருமூச்சு விட்டார். நான் நீலப் புத்தகத்தில் எழுதினேன்: "ஆலோசனை வழங்கப்பட்டது. உணர்ச்சி காரணமாக விற்க மறுத்தார்." சவரியம்மா அதில் மட்டும் கையெழுத்துப் போட்டார். அவர் சொல்லாத ஒன்றுக்கு அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.

வாத்தியார் வீட்டுக்காரர்கள் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அந்தக் கம்பனிக்குச் சனி பிடித்தது. பங்கின் விலை இறங்கி இறங்கி, முன்னே பாதிக்கு வந்திருக்கக்கூடிய வீட்டுக்கு இப்போது மொத்தத்தையும் விற்றாலும் கதவு ஜன்னல்தான் வரும் என்றானது. நான் சொன்னது சரியாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நல்ல மழை. சவரியம்மா நனைந்துகொண்டு படியேறி வந்தார். கையில் சொப்பிங் பை இல்லை. நாற்காலியில் உட்காரவில்லை, பழையபடி நின்றார்.

"தம்பி, என் பேர வெட்டிட்டாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"கம்பனிப் பொஸ்தகத்துல. இந்த வருசம் கடுதாசி வரல. நான் ஒண்ணையும் விக்கலியே. நீங்க வித்துட்டீங்களா?"

இருபத்தைந்து வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. பேர வெட்டிட்டாங்க என்ற அந்தச் சொல் என்னை எங்கேயோ கொண்டு போய்விட்டது. எனக்கு எட்டு வயதிருக்கும். காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், அப்பா கங்காணியோடு வாய்த்தர்க்கம் பண்ணிவிட்டார். வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் இருந்து அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். செக்ரோலில் பெயர் இல்லாதவனுக்குக் காம்பரா இல்லை. மத்தியானத்துக்குள் எங்கள் சட்டி பானையெல்லாம் வெளியே வந்துவிட்டன. ஹாலிஎலை மாமா வந்து கூட்டிப் போகும் வரை இரண்டு நாள் ரோட்டோரத்தில் இருந்தோம். அப்பா வேறொன்றும் பேசவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பேர வெட்டிட்டாங்க, பேர வெட்டிட்டாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் சவரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். வருடத்துக்கு ஒரு தரம் தோட்டத்துக் கிளாக்கர் வந்து காம்பராவை விடச் சொல்வாராம். இவர் அந்த உறையை எடுத்துக் காட்டுவாராம். கம்பனியே என் பெயரைப் போட்டு, இந்தக் காம்பராவுக்குத்தான் கடிதம் போடுகிறது, கம்பனிக்குத் தெரிந்துதான் நான் இங்கே இருக்கிறேன் என்பாராம். கம்பனியின் முத்திரையைப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று கிளாக்கர் போய்விடுவாராம். பாதியை விற்றாலும் பெயரை வெட்டிவிடுவார்கள், புது வீடு கைக்கு வரும் முன்னரே காம்பரா போய்விடும் என்றுதான் அன்றைக்குப் பயந்தாராம். இந்த வருடம் காட்டுவதற்கு உறை இல்லை. புதிதாக வந்த கிளாக்கர், உன் பெயர் கம்பனியில் இல்லை போலிருக்கிறது என்று சொல்லி ஒரு மாதத் தவணை கொடுத்திருக்கிறார்.

விஷயம் சாதாரணமானது. ஆண்டறிக்கையை இனி இணையத்தில்தான் போடுவோம், அச்சில் வேண்டுமென்றால் படிவம் அனுப்பிக் கேட்க வேண்டும் என்று முந்தின வருட உறைக்குள் கம்பனி ஓர் ஆங்கிலத் துண்டுக் கடதாசியை வைத்திருந்தது. உறையை மட்டும் வாசிக்கிற வழக்கத்தில் நானும் அதைப் பார்க்கவில்லை. கணினியைத் திருப்பி, திரையில் அவருடைய பெயரைக் காட்டினேன். கண்ணாடியில் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தார்.

"பாருங்கம்மா, பேரு இருக்கு. பாதியை வித்திருந்தாலும் பேரு இருந்திருக்கும். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் கம்பனி பேர வெட்டாது, கடுதாசி வரும்" என்றேன்.

"ஒண்ணு இருந்தாலுமா?"

"ஒண்ணு இருந்தாலும்."

இப்போது உட்கார்ந்தார். தலைத்துணியிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டியது.

"இத ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா."

"நீங்களும் கேக்கலியே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பத்து வருடமாக இந்த அம்மாவை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நிலந்தி மிஸ்ஸுக்கு அது தெரியாது, கொழும்புக்காரர். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கிளையில் அதைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். என் லயத்தை மற்றவர்களிடம் மறைத்து மறைத்து, கடைசியில் எனக்கே மறந்துபோய்விட்டது.

மறுநாள் பங்கு இருப்புச் சான்றிதழை அச்செடுத்து, முத்திரை குத்திக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் மரியாதையாகத்தான் பேசினார். காம்பராவை வேலை செய்கிற ஒரு குடும்பத்துக்கு எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அவர் மேலும் தப்பில்லை, அந்தக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். அங்கிருந்து லயத்துக்குப் போனபோது சவரியம்மா இஸ்தோப்பில், காம்பராவுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன விறாந்தையில், சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். நான் எட்டு வயதில் பார்த்த அதே சட்டி பானைகள்.

பண்டாரவளையில் அவருடைய தங்கச்சி மகள் வீட்டில் முன்னறையின் ஒரு மூலை கிடைத்தது. இப்போதாவது விற்றுவிடலாமா என்று கேட்டேன். விற்று என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை, கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "இனி எதுக்கு? பேரு இருக்கட்டும்" என்றார். விலாசத்தையும் மாற்ற விடவில்லை. வருடா வருடம் அச்சுப் பிரதி கேட்கும் படிவத்தை நான் நிரப்பி அனுப்புவேன். உறை அந்தப் பழைய காம்பராவின் பெயருக்கே தோட்ட ஆபீசுக்கு வரும். நான் பஸ் ஏறிப் போய் அதை வாங்கி, பண்டாரவளைக்குக் கொண்டு போய், அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மேல் டிவிசன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா. மூன்று வருடம் அப்படிப் போனது. என் மனைவி போன பிறகு, நான் ஒருவர் வீட்டுக்கு ஒரு காரியமாகப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தது அந்த மூன்று தடவைதான்.

சவரியம்மா இறந்தபோது ஸ்டெல்லா வந்திருந்தாள். அடக்கம் முடிந்து, பத்திர வேலைகளும் முடிந்து, பங்குகள் அவள் பெயருக்கு வந்ததும் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குவைத்தில் பட்ட கடன் இருந்தது. அவளைக் குறை சொல்ல நான் யார்? அவள் அம்மாவுக்கு நான் வருடக்கணக்காகச் சொன்னதைத்தானே அவள் செய்தாள். ஆனாலும் அந்தக் கம்பனியின் பதிவில் அந்தக் குடும்பத்தின் பெயர் இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், என் பெயரில் அதே கம்பனியின் பங்கு பத்து வாங்கினேன். ஆர்டர் சீட்டை நானே எழுதி, நானே இரண்டு தரம் வாசித்து, நானே கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே திவ்யா, ஏன் விற்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாயே, எனக்கு மொத்தமாகத் தெரியாது. வங்கிப் பங்கு வாத்தியாருக்கு ஒரு காரணம், டீமேக்கருக்கு ஒரு காரணம். சவரியம்மாவின் காரணம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே கம்பனியில் வைப்பது ஆபத்து என்று சொல்லுங்கள், அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு முன்னால், விற்றால் உங்களுக்கு என்ன போய்விடும் என்று ஒரு தரம் கேளுங்கள். கேட்டதை உங்கள் சொற்களில் இல்லாமல் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

நீ அனுப்பிய படிவம் வந்தது. கணக்கைத் தொடர விரும்பினால் காரணம் எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறாய். நான் பசறை ரோட்டில் ஒரு மேல்மாடி அறையில் தனியாக இருக்கிறேன். மகன் டுபாயில். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான், சில ஞாயிறுகளில் மறந்துவிடுவான். கீழ் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் மேல் வீட்டு ஐயா, கடைக்காரருக்கு நான் தினமும் வாங்குகிற அரை இறாத்தல் பாண். அச்சுப் பிரதி கேட்டு நானும் படிவம் அனுப்புவதால், வருடத்தில் ஒரு நாள் அந்தக் கம்பனியின் உறை வரும். தபால்காரர் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, உறையைப் பார்த்து என் முழுப் பெயரையும் கூப்பிடுவார். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் அப்பா சொல்வது போலவே, நானும் "இருக்கிறேன்" என்று மேலேயிருந்து குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போவேன்.

அந்தக் கட்டத்தில், "பேர் இருக்கட்டும்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.